முப்பத்தொன்றாம் பகுதி

ஜூன் 1, சனி

இருபத்திரண்டாம் பகுதி ஒளிபரப்பாகி முடிந்தது. மாவு புளிக்கவில்லை. நாளைக்கு உப்புமாதான்.

இணையத்தில் யாரோ ஒரு புண்ணியவான் எங்கள் தொடரைப் பற்றி எழுதியிருக்கிறார். இயக்குநர் இளமாறன் அனுப்பியிருந்தான். "'அப்பாலூர்' அறிவியல் புனைவே இல்லை. விண்கலத்தில் ஏற்றிவிட்ட மாமியார் மருமகள் சண்டை. இருபத்திரண்டு வாரத்தில் ஓர் இடத்திலாவது துணிந்து எதையாவது செய்தார்களா?"

எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது. இருநூற்றுப் பன்னிரண்டு பேர் ஒரு கலத்தில் ஏறி, மூன்று தலைமுறை கழித்துப் போய்ச் சேரும் அப்பாலூர் என்ற கிரகத்துக்குப் புறப்படுகிறார்கள். ஏறியவர் ஒருவர்கூட அந்த மண்ணை மிதிக்கப்போவதில்லை. இதை முதல் வாரத்திலேயே சொல்லிவிட்டோம். சனிக்கிழமை ஏழு மணிக்கு, குடும்பத்தோடு உட்கார்ந்து முறுக்கு தின்கிறவர்களிடம் இதைச் சொல்லத் துணிச்சல் வேண்டாமா? கலத்துக்குள் வளைகாப்பு வைத்தோம், உண்மைதான். அது சேனல் கேட்டது. அதிலும் வளையல்கள் கையில் நிற்காமல் மிதப்பதாக எழுதினேன். தூண்டில் நரம்பில் கட்டித் தொங்கவிட்டு எடுத்தார்கள். அதை ஒருத்தரும் பாராட்டவில்லை.

என் வீட்டுக்காரர் என் கையிலிருந்து போனை வாங்கி, அந்த விமர்சனத்தைத் தொடரில் தான் நடிக்கும் கலத்தலைவர் வல்லபன் குரலில் கூடம் அதிர வாசித்தார். ஊருக்கு அவர் கலத்தலைவர் வல்லபன். எனக்கு ஆவுடையப்பன், கட்டிய இருபத்தாறு வருடத்தில் ஒரு தடவைகூடத் தேங்காய் துருவித் தராதவர். 'துணிந்து' என்ற இடத்தில் குரல் உடைந்தது. இரண்டு மாதமாகவே கரகரப்பு. சித்தரத்தைக் கஷாயம் கேட்கவில்லை.

ஜூன் 5, புதன்

டப்பிங். போரூர் பக்கத்துக் கிடங்கு ஒன்றில்தான் எங்கள் விண்கலம் நிற்கிறது. பிளைவுட்டும் முட்டை அட்டையும் கல்யாண வீட்டுச் சீரியல் விளக்குகளும். மேலே தகரக் கூரை, வெளியே லாரிகள். அங்கே பதிவாகிற குரல் வெறும் வழிகாட்டிக்குத்தான், பைலட் என்போம். நடிகர்கள் பிறகு ஸ்டூடியோவில் அதைக் காதில் கேட்டு, வாயசைவுக்குத் தகுந்தபடி மறுபடி பேசுவார்கள். எல்லாம் முடிந்ததும் பைலட்டை அழித்துவிடுவார்கள்.

வசனம் எழுதுகிறவள் அங்கே போக வேண்டியதே இல்லை. பத்தொன்பது வருடமாகப் போய்க்கொண்டிருக்கிறேன். ஹெட்போனை மாட்டிப் பைலட்டை முதலில் நான் கேட்டால்தான் ஆச்சு. செட்டில் என் வசனத்தில் யார் கை வைத்திருந்தாலும் அங்கே மாட்டிக்கொள்வார்கள்.

"வீட்ல நான் சொன்னா இவ காதுல வாங்க மாட்டா. பைலட்ல சொன்னா பத்து வாட்டி திருப்பித் திருப்பிக் கேப்பா" என்று இன்றைக்கும் எல்லாரிடமும் சொல்லிச் சிரித்தார். நான்காவது காட்சியில் குரல் அடியோடு நின்றுவிட்டது. தண்ணீர் குடித்தார், செருமினார். காற்றுதான் வந்தது.

ஜூன் 11, செவ்வாய்

தொண்டையில் சதை எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள். ஒரு வாரம் பேசக் கூடாதாம். அவருக்கு இது தண்டனை. கடையில் சிலேட்டும் பல்பமும் வாங்கி வந்தேன். முதலில் எழுதியது: "காபியில் சர்க்கரை இல்லை."

ஜூன் 14, வெள்ளி

முடிவு வந்தது. மழை. துணி ஒன்றும் காயவில்லை.

ஜூன் 17, திங்கள்

இன்னும் இரண்டு டாக்டரிடம் காட்டினோம். மூன்று பேரும் ஒன்றையே சொல்கிறார்கள். குரல்வளையை எடுத்துவிட வேண்டும். ஜூலை பதினெட்டு. "உயிருக்குப் பயமில்லம்மா, ஆனா பழைய குரல் வராது" என்றார் கடைசி டாக்டர். எனக்கென்னவோ அவர் சின்னப் பையனாகத் தெரிந்தார். அனுபவம் போதாது.

ஜூன் 19, புதன்

காலையில் சிலேட்டை நீட்டினார். "வல்லபனுக்கும் குரல் போகட்டும். 31ல் வை. ஆபரேஷன் முடிந்து வந்து நானே நடிக்கிறேன்."

மதியத்துக்குள் எழுதி முடித்துவிட்டேன். கலத்தில் நச்சுக்காற்று கசிகிறது. பிள்ளைகளை வெளியேற்றிவிட்டுக் கடைசியாக வருகிற வல்லபனின் தொண்டை வெந்துவிடுகிறது. தினமும் காலையில் ஒலிபெருக்கியில் அவர் சொல்லும் வணக்கத்தைக் கேட்டுத்தான் இருநூற்றுப் பன்னிரண்டு பேருக்கும் பொழுது விடியும். மறுநாள் எல்லாரும் காத்திருக்கிறார்கள். அவர் பொத்தானை அழுத்துகிறார். மூச்சு மட்டும் கேட்கிறது. பிறகு ஒலிவாங்கியில் விரலால் இரண்டு முறை தட்டுகிறார். டக், டக். கலம் முழுக்க, ஒவ்வொரு அறையிலிருந்தும், பதிலுக்குத் தட்டுகிறார்கள்.

அதைக் கூடத்தில் நடித்துக் காட்டினார். தோளில் துண்டு, குக்கர் விசில் அடித்துக்கொண்டிருந்தது. ஒரு சத்தமில்லை, முகம் மட்டும்தான். மேடையில் அவரை நூறு தடவையாவது பார்த்திருப்பேன், இப்படிப் பார்த்ததில்லை. பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தவள் அரிவாள்மனையை மடக்கி வைத்துவிட்டேன்.

இளமாறனுக்குப் போனில் படித்துக் காட்டினேன். "அக்கா, இதுக்காகத்தான் இந்தத் தொடரையே ஆரம்பிச்சோம். அந்த விமர்சகன் வாயை அடைச்சிரலாம்" என்றான். 

ஜூன் 24, திங்கள்

சேனலுக்குப் போய் நிகழ்ச்சித் தலைவர் சுபத்ராவைப் பார்த்தேன். அங்கே ஏசி எலும்பைக் குத்துகிறது. முப்பத்தொன்று நடக்காது. சேனல்காரர்கள் பயப்படுகிறார்கள் என்று இளமாறனிடம் சொல்லிவிட்டேன். வீட்டுக்கு வந்து அவரிடமும் சொன்னேன். சிலேட்டை எடுத்தார், எழுதாமல் வைத்துவிட்டார். வரும் வழியில் வாங்கிய இளநீரை இரண்டு பேருமே குடிக்கவில்லை.

ஜூன் 26, புதன்

வேறு வழி கண்டுபிடித்துவிட்டேன். கலத்தில் ஒரு துயிலறை இருக்கிறது. கண்ணாடிப் பெட்டி. வல்லபன் உடம்பு சரியில்லாமல் அதற்குள் போய்ப் படுக்கிறார். வயதே ஏறாமல் தூங்கி, எப்போது வேண்டுமானாலும் எழுந்து வரலாம். குரலோடு வரலாம்.

இளமாறனுக்குப் பிடிக்கவில்லை. "ஏறினவங்க யாரும் போய்ச் சேர மாட்டாங்கன்னு மொத வாரமே சொன்னது நீங்கதானேக்கா? இப்ப தூங்கிட்டே போய்ச் சேரலாம்னா, கதையில என்ன இருக்கு?"

"ஒருத்தர் போய்ச் சேர்ந்தா உனக்கு என்ன குடி முழுகிடும்?" என்று கத்திவிட்டேன். 

ஜூலை 3, புதன்

ஆபரேஷனுக்கு முன்னால் முப்பத்தொன்று வரைக்கும் அவர் காட்சிகளை எடுத்துவிட வேண்டும். செட்டில் அவர் கிசுகிசுத்தால் போதும், குரலை வேறொருவர் கொடுப்பார். பையன் பெயர் எட்வின். அவருடைய பழைய பகுதிகளை நான்கு நாள் கேட்டுவிட்டு வந்திருந்தான். வாயைத் திறந்தான், அப்படியே ஆவுடையப்பன். அந்த 'ழ'வில் கொஞ்சம் அழுத்துவதுகூட.

எனக்குச் சந்தோஷமாக இருந்தது. அவர் கைதட்டினார். பிறகு சிலேட்டில் எழுதினார்: "முகம் மாறினால் 'இவருக்குப் பதில் இவர்' என்று கார்டு போடுவீர்கள். குரல் மாறினால் போட மாட்டீர்களா?" எல்லாரும் சிரித்தோம். அவர் சிரித்தாரா என்று கவனிக்கவில்லை.

அவருடைய கிசுகிசுப்பையே வைத்துக்கொள்ளலாமே, நன்றாக இருக்கிறது என்றான் இளமாறன். நான் ஒப்பவில்லை. கேட்கிறவர்கள் பரிதாபப்படுவார்கள். அவர் பரிதாபத்துக்குரிய ஆள் இல்லை.

ஜூலை 9, செவ்வாய்

இன்று சமைத்துக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் வந்து நின்று, "ஏட்டி, உங்கிட்ட ஒண்ணு கேக்கணும்" என்று ஆரம்பித்தார். காற்றாகத்தான் வந்தது.

"பேசாதீங்க. டாக்டர் என்ன சொன்னாரு?"

டாக்டர் ஒரு வாரம்தான் சொன்னார், அது போன மாதமே முடிந்துவிட்டது என்று அவருக்கும் தெரியும். ஆனாலும் வாயை மூடிக்கொண்டார். பிற்பகலில் சிலேட்டில் '31?' என்று எழுதி மேஜையில் வைத்திருந்தார். மேஜையைத் துடைக்கும்போது அதுவும் அழிந்துவிட்டது.

ஜூலை 16, செவ்வாய்

கடைசி நாள் படப்பிடிப்பு. துயிலறைக் காட்சி. கண்ணாடி மூடிக்குள் அவர் படுத்தபடி கேமராவைப் பார்த்துச் சொல்ல வேண்டும்: "அப்பாலூர் வந்ததும் என்னை எழுப்புங்கள். அதுவரை கலத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். எழுந்ததும் பேசிக்கொள்வோம்." கடைசி வரியை எழுதியபோது எனக்கே திருப்தியாக இருந்தது.

மூடியை இறக்கிவிட்டார்கள். உள்ளே அவர் சொல்வது வெளியே யாருக்கும் கேட்கவில்லை. சட்டைக்குள் மைக் இருந்தது. ஒலிப்பதிவுக்காரர், "காத்து மாதிரிதான் வருது மேடம், டப்பிங்ல பாத்துக்கலாம்" என்றார். நான் பேப்பரைப் பார்த்து விநாடி எண்ணிக்கொண்டிருந்தேன். ஒரே டேக். மூடியைத் திறந்ததும் அவர் கண் என்னைத்தான் தேடியது. இட்லிப் பாத்திரத்திலிருந்து எழுந்து வருகிறவர் மாதிரி வேர்த்திருந்தது. துடைத்துவிட்டேன். என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். "நல்லா வந்துச்சா?" என்று சைகையில் கேட்டார். அற்புதம் என்றேன்.

ஜூலை 18, வியாழன்

ஆறு மணி நேரம். நன்றாக முடிந்தது என்கிறார்கள். கண் விழித்தார். என் உள்ளங்கையில் விரலால் இரண்டு முறை தட்டினார்.

ஜூலை 24, புதன்

நுரையீரலில் ரத்தம் உறைந்துவிட்டதாம். காலை ஒன்பது இருபது.

ஜூலை 30, செவ்வாய்

இன்று முப்பத்தொன்றுக்கு டப்பிங். இளமாறன் கார் அனுப்புவதாகச் சொன்னான். போகவில்லை. பத்தொன்பது வருடத்தில் முதல் தடவை. அந்த ஹெட்போனை மாட்டினால் அவருடைய காற்றுக்குரல் கேட்கும். எனக்குச் சக்தி இல்லை. எழுதிய வசனத்தை எட்வின் பேசிவிடட்டும் என்று சொல்லிவிட்டேன். வந்திருந்த உறவுக்காரர்கள் கழுவி வைத்த பாத்திரங்களில் இன்னும் சோப்பு வாசனை. எல்லாவற்றையும் மறுபடி கழுவினேன்.

ஆகஸ்ட் 3, சனி

ஏழு மணிக்கு டிவியைப் போடவில்லை. பக்கத்து வீட்டிலிருந்து அவர் குரல் கேட்டது. 'எழுந்ததும் பேசிக்கொள்வோம்.' எட்வின் குரல்தான். தெரிந்தும் வாசல்வரை ஓடினேன்.

அக்டோபர் 7, திங்கள்

சனிக்கிழமையோடு 'அப்பாலூர்' நாற்பதாம் பகுதியில் முடிந்தது. புதுத் தலைவர், புதுக் கல்யாணம், சுபம். பெட்டிக்குள் படுத்த வல்லபனை யாரும் எழுப்பவில்லை. நானும் எழுதவில்லை.

ஒரு பத்திரிகையிலிருந்து கட்டுரை கேட்கிறார்கள். தலைப்பும் அவர்களே கொடுத்துவிட்டார்கள்: "'அப்பாலூர்' போதிய துணிச்சல் காட்டியதா?" அதே கேள்வி. வீட்டில் இருக்கும் கையெழுத்துப் பிரதியெல்லாம் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். "துணிந்த இடங்கள் பல. துணிய விடாத இடங்கள் சில. அங்கெல்லாம் குறுக்கே நின்றது சேனல்" என்று ஆரம்பித்து, நிறுத்திவிட்டேன். சாதம் அடிப்பிடித்துவிட்டது.

அக்டோபர் 14, திங்கள்

இளமாறன் அந்தப் பத்திரிகைக்குப் பேட்டி கொடுத்துவிட்டான். குரலிழந்த தலைவனின் கதையை வரிவரியாகச் சொல்லி, "சேனல் அனுமதித்திருந்தால் ஆவுடையப்பன் சார் ஒரு மாபெரும் நடிப்பைக் காட்டியிருப்பார். கோழைகள் கெடுத்துவிட்டார்கள்" என்று முடித்திருக்கிறான். சுபத்ராவை எல்லாரும் திட்டுகிறார்கள். மதியம் அவளே போன் செய்தாள்.

"வேணிக்கா, நான் வேணாம்னா சொன்னேன்?"

அடுப்பை அணைத்தேன்.

"படிச்சிட்டு உங்க முன்னாடிதானே அழுதேன்? ரேட்டிங் விழுந்தா விழட்டும், எடுங்கன்னு சொன்னேன். நீங்கதானேக்கா அவருக்குக் குரல் திரும்பி வந்துடும், டாக்டர் சொல்லிட்டாரு, இது தேவையில்லன்னு பேப்பரைத் திருப்பி வாங்கிட்டுப் போனீங்க?"

ஆமாம். இங்கேயாவது ஒழுங்காக எழுதிவிடுகிறேன். அவள் சரி என்றாள். நான்தான் வேண்டாம் என்றேன். ஆபரேஷனுக்கு நாள் குறித்த பிறகும், என் கையால் அதை எழுதிப் படம் பிடித்துவிட்டால்தான் நிஜத்திலும் குரல் போகும் என்று நினைத்திருந்தேன். கூடத்தில் அவர் சத்தமில்லாமல் நின்றதைப் பார்த்தேன். வாழ்நாள் முழுக்க அப்படித்தான் நிற்பார் என்பதைத் தாங்க முடியவில்லை. இப்போது, அப்படியாவது நின்றிருக்கக் கூடாதா என்று இருக்கிறது.

மன்னிப்புக் கேட்டேன். அவள் சொன்னாள்: "அன்னிக்குச் சாயங்காலமே சாருக்கும் போன் பண்ணேன்க்கா. குரல் சரியாயிடும்னு அக்கா சொன்னாங்க, சந்தோஷம் சார்னு. அவர் ஒண்ணும் பேசல. பேசக் கூடாதுன்னு நெனச்சு வெச்சுட்டேன்."

அவருக்குத் தெரிந்திருக்கிறது. ஒரு மாதம் என்னோடு இதே வீட்டில் எல்லாம் தெரிந்துகொண்டு சாப்பிட்டிருக்கிறார். ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்க வந்தவரைப் பேசாதீங்க என்றது யார்?

அக்டோபர் 17, வியாழன்

முப்பத்தொன்றை இன்று முதல் தடவையாகப் பார்த்தேன். துயிலறைக் காட்சி வந்ததும் எனக்கு எரிச்சல்தான் வந்தது. வாயசைவு பொருந்தவில்லை. 'அப்பாலூர்' என்று ஆரம்பிக்க உதடு பிரிந்திருக்க வேண்டும், குவிந்திருக்கிறது. கடைசி வார்த்தையில் 'பேசிக்கொள்வோம்' என்பதற்கு ஒரு பொருத்தமும் இல்லை. ஒரு நாள் நான் போகவில்லையென்றால் இந்த லட்சணம்தானா என்று எட்வினைப் போனில் கூப்பிட்டுப் பிடித்துக்கொண்டேன்.

அவன் தடுமாறினான். "அக்கா, நீங்க பைலட் கேக்கலையா?"

"கேக்கல."

"சார் அங்க வேற பேசியிருந்தாருக்கா. உங்ககிட்ட. நான் உங்களுக்குத் தெரியும்னு நெனச்சேன். பேப்பர்ல இருக்கறத பேசச் சொன்னாங்க, பேசிட்டேன். நீளம் கச்சிதமா இருந்துச்சு. சார் உங்க வசனத்தை அளந்து வெச்சுக்கிட்டுதான் பேசியிருக்காரு."

பைலட் எங்கே என்று கேட்டேன். எனக்கே பதில் தெரியும். அடுத்த பகுதிக்காக அன்றைக்கே அழித்திருப்பார்கள். இத்தனை வருடமும் அப்படித்தான். அடுப்படித் தரையிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

"என்ன சொன்னாருன்னு ஞாபகம் இருக்காப்பா?"

"மறக்குமாக்கா?" செருமிக்கொண்டான். பிறகு அவனுக்கிருக்கும் பழக்கத்தில், ஆவுடையப்பன் குரலிலேயே, "சுபத்ரா..." என்று ஆரம்பித்தான்.

"வேண்டாம். உன் குரல்ல சொல்லு."

அவன் தன்னுடைய மெல்லிய குரலில், பள்ளிக்கூடத்தில் ஒப்பிப்பதுபோல் சொன்னான். "'சுபத்ரா எங்கிட்டயும் பேசுனா, ஏட்டி. நீ பயப்படாம எழுதிருக்கலாம்லா. நான் நல்லா நடிச்சிருப்பேன்.' இவ்வளவுதான்க்கா."

இரண்டு பேரும் போனை வைக்கவில்லை. அவன் அழுவது கேட்டது. நான் நன்றி சொன்னேன் என்று நினைக்கிறேன்.

அக்டோபர் 20, ஞாயிறு

பத்திரிகைக்குக் கட்டுரை அனுப்பிவிட்டேன். நான்கு வரிதான். "போதவில்லை. சேனல் தடுக்கவில்லை, இளமாறனுக்கு நான் சொன்னது பொய். முப்பத்தொன்றாம் பகுதியில் வந்திருக்க வேண்டியதை எழுத எனக்குப் பயமாக இருந்தது. நடிக்க வேண்டியவருக்கு அந்தப் பயம் இல்லை." கீழே முழுப்பெயர் போட்டேன், ஆ. கமலவேணி. அனுப்பும் முன் இளமாறனுக்கும் சுபத்ராவுக்கும் படித்துக் காட்டினேன். இளமாறன் போனை வைத்துவிட்டான். நாளைக்குப் பேசுவானோ என்னவோ.

குளித்து, தலை துவட்டி, காலை வெயில் கூடத்தில் விழும் நேரத்தில் டிவிக்கு முன்னால் உட்கார்ந்தேன். முப்பத்தொன்றை வைத்தேன். துயிலறை வந்ததும் சத்தத்தை அடியோடு நிறுத்தினேன்.

கண்ணாடி மூடி இறங்குகிறது. உள்ளே அவர். கேமராவைப் பார்க்கிறார். கேமராவுக்குப் பின்னால் மானிட்டர் பக்கத்தில் நான் எங்கே நிற்பேன் என்று அவருக்குத் தெரியும், அந்த இடத்துக்குக் கண் போகிறது. உதடு அசைகிறது. முதலில் கொஞ்சம் கோபம். பிறகு கோபம் போய்விடுகிறது. கடைசி வார்த்தையில் புருவத்தைத் தூக்கி, ரொம்பச் சின்னதாக ஒரு சிரிப்பு. சொல்லி முடித்ததும் கண்ணாடியில் விரலால் இரண்டு முறை தட்டுகிறார். அந்தத் தட்டலை நான் இந்தக் காட்சிக்கு எழுதிக் கொடுக்கவே இல்லை.

பதினொரு விநாடி. ஓட்டி ஓட்டிப் பார்த்தேன். நன்றாகத்தான் நடித்திருக்கிறார்.